ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியும் எங்கள் சாரும்

வாசகர் கேள்வி, 11 பிப்ரவரி 2024

சென்ற மாதம் மதுரையில் காலமான விளையாட்டு ஆசிரியரை, பிற்காலத்தில் ஆயராகவும் (சபைப் போதகராகவும்) இருந்தவரை, எல்லோரும் புகழ்ந்தே எழுதி வருகிறீர்கள். நான் அவரிடம் படித்தவன் அல்லன். என் அண்ணன் அதே பள்ளியில் படித்தவர். 1979-இல் கூடைப்பந்து இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அவர் அணியையே அனுப்ப மறுத்துவிட்டார் என்று அண்ணன் இன்றும் ஆற்றாமையோடு சொல்லுவார். தம்முடைய பக்திக்காகப் பன்னிரண்டு பையன்களின் வாய்ப்பைப் பறிப்பது ஓர் ஆசிரியர் செய்யக்கூடிய காரியமா? தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

12 பிப்ரவரி 2024

அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். ஆகையால் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. செல்லூரில் தறிக்காரர் வீட்டுப் பையன்; கிறிஸ்தவன் அல்லன்; அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஆமாம், அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போகவில்லை, கோப்பை எதிரணிக்குப் போயிற்று. ஆனால் ‘பறித்தார்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது. நான்கு ஆண்டுகள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்களுக்கு முன்பே மைதானத்தில் நின்ற ஒருவரை, அந்த நான்கு ஆண்டுகளையும் விட்டுவிட்டு ஒரே ஒரு காலைப் பொழுதை வைத்து எடை போடுவது எந்த வகையில் நியாயம்? அவர் கொடுத்ததைச் சொல்லாமல் கொடுக்காததை மட்டும் கேட்கிறீர்கள்.

12 பிப்ரவரி 2024, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கேட்டவர் கேட்டதற்கு அது பதில் ஆகவில்லை. ஞாயிறு ஏன் அவருக்கு அப்படி என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

சாருடைய தாத்தா திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷனின் வழியில் வந்த குடும்பம். ஞாயிறு என்றால் அந்த வீட்டில் கடைக்குப் போக மாட்டார்கள், காசு கைமாறாது, அரிசி களைவதும் மசாலா அரைப்பதும் சனிக்கிழமை இரவோடு முடிந்துவிடும். “எங்க பாட்டி சனிக்கிழமை ராத்திரி அம்மியைக் கழுவிக் கவுத்துட்டா, திங்கக்கிழமை காலையிலதான் நிமித்துவா” என்று மழை பெய்து விளையாட்டு வகுப்பு நின்றுபோகிற நாள்களில் எங்களிடம் சொல்லியிருக்கிறார். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவருக்குப் பதினேழு வயது. மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகின் தமிழில் பேசியதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. சபைகள் ஒன்றாயின, பெயர்கள் மாறின. பாட்டியின் அம்மி மட்டும் மாறவில்லை.

15 பிப்ரவரி 2024

கொடுத்தது என்ன என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கோடு போட்டதிலிருந்து சொல்லுகிறேன்.

எங்கள் கூடைப்பந்து மைதானம் செம்மண் தரை. ஒரு மழை பெய்தால் கோடு போய்விடும். சனிக்கிழமை மாலைதோறும் சார் நான்கு மூலையிலும் முளை அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, அடியில் ஆணியால் துளையிட்ட பால்பவுடர் டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, கயிற்றை ஒட்டியே பின்பக்கமாக நகர்ந்துகொண்டு டப்பாவை ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போவார். பின்பக்கமாக ஏன் என்றால், முன்பக்கமாக நடந்தால் போட்ட கோட்டை நாமே மிதித்துவிடுவோம். நடுவட்டத்துக்கு முளையிலிருந்து கயிறு. தண்டனை எறிவுக் கோட்டுக்குப் பதினைந்து அடிக்கு முடிச்சுப் போட்ட தனிக்கயிறு. உதவிக்குப் பையன்கள் போனால் கயிற்றைப் பிடிக்க விடுவாரே தவிர டப்பாவைத் தர மாட்டார். சுண்ணாம்பு எங்கள் கையைப் பொத்துவிடும் என்பார். அவர் கை பொத்துப் பொத்து, விரல் நுனிகளெல்லாம் வெடித்து, வெடிப்புகளில் வெள்ளைக் கோடு ஓடியிருக்கும்.

பல ஆண்டுகள் கழித்து, அவர் ஆயரான பிறகு, நண்பன் ஒருவனுடைய திருமணத்துக்காக ஆலயத்துக்குப் போயிருந்தேன். திருவிருந்து இருந்தது. நான் எடுக்கவில்லை, பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை அங்கியிலிருந்து வெளியே வந்த அந்தக் கை, வரிசையாக முழங்காலிட்டிருந்தவர்களின் உள்ளங்கைகளில் அப்பத்தை வைத்துக்கொண்டே போயிற்று. பின்வரிசைக்கு விரல் வெடிப்பு எங்கே தெரியும்? ஆனால் எனக்குத் தெரிந்தது. அன்று சனிக்கிழமைக்கு மறுநாள்.

16 பிப்ரவரி 2024

திருத்தம். ஞாயிற்றுக்கிழமையில் திருமணம் வைப்பார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், சரியான கேள்வி. திருமணம் திங்கட்கிழமை, நான் முந்தின நாளே வந்து நண்பன் வீட்டாரோடு காலை ஆராதனைக்குப் போனேன். திருவிருந்து அந்த ஆராதனையில். இரண்டு நாளையும் ஒன்றாகக் குழப்பிவிட்டேன்.

18 பிப்ரவரி 2024

“இத்தனை சொல்லுகிறீர்களே, எத்தனை கோப்பை வாங்கிக் கொடுத்தார்?” என்று கேட்டவருக்கு.

மாநில அளவில் ஒன்றுகூட இல்லை. மாவட்ட அளவில் சில முறை இறுதிச் சுற்று வரை போனோம். ஆனால் இதே கேள்வியைக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரிடம் கேட்டாலும் பதில் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாவில் பிறந்தவர். இறையியல் படித்துவிட்டு ஆலய ஊழியத்துக்குப் போகாமல் உடற்கல்விப் பக்கம் வந்தவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு மாணவர்களை இரண்டாகப் பிரித்து, 13 விதிகளை எழுதி ஒட்டி, பீச் பழக்கூடை இரண்டை மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்துத் தொங்கவிட்டு இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. அதனால்தான் இன்றைக்கும் உலகம் முழுவதும் வளையம் பத்தடி. பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்து 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றார். வென்றதைவிடத் தோற்றது அதிகமாக உள்ள பயிற்சியாளர் அந்தப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வரலாற்றிலேயே அவர் ஒருவர்தான். 1916-இல் பிரஸ்பிடேரியன் சபையில் போதகராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் சார்தான். அவர் உடற்கல்வி படித்தது சென்னை ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில். அதை 1920-இல் தொடங்கிய ஹாரி குரோ பக் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். நெய்ஸ்மித்தின் பள்ளியிலிருந்து பக், பக்கிடமிருந்து சென்னை ஆசிரியர்கள், அவர்களிடமிருந்து சார், சாரிடமிருந்து செல்லூர்ப் பையன்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். குலவரிசை சொல்லுகிறவர் போல அப்படி ஒரு பெருமிதம். ஆண்டுதோறும் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பத்தடிக்குக் கோடு கிழித்த மூங்கிலை எடுத்துக்கொண்டு வந்து வளையத்துக்குக் கீழே நட்டுப் பார்ப்பார். மழையில் தரை அரித்தாலும் கம்பம் அமிழ்ந்தாலும் உயரம் மாறிவிடும் அல்லவா? “பத்தடின்னா பத்தடிதான், ஒம்பதே முக்காலுக்குப் பழகுன கை வெளியூருக்குப் போனா ஏமாந்துபோகும்” என்பார்.

19 பிப்ரவரி 2024

பணி ஓய்வுக்குப் பிறகுதான் அவர் ஆயரானார் என்று இங்கே வேறொருவர் எழுதியிருப்பது சரியல்ல. சாருடைய மகள் (எங்களுக்கெல்லாம் அக்கா) நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்: ஓய்வுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அபிஷேகம் ஆகிவிட்டது. மாலை நேரங்களில் அரசரடி இறையியல் கல்லூரிக்கு சைக்கிளில் போய்ப் படித்திருக்கிறார். திருச்சபையிடம் கடைசி வரை சம்பளம் வாங்கவில்லை. எங்கள் காலத்தில், அதாவது 1979-இல், ஆலயத்தில் பிரசங்கம் செய்யும் சாதாரண சபையார் ஒருவர் மட்டுமே.

அக்கா இன்னொன்றும் சொன்னார். ஆலயத்தில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் கூச்சல் மிஞ்சும்போது ஐயா அங்கிப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதிவிடுவாராம். பூசணிக்காய்க்கு ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம், ஒரு காலத்தில் அவரிடம் டிரில் செய்தவர்கள், அப்படியே விறைப்பாக நின்றுவிடுவார்களாம்.

24 பிப்ரவரி 2024

இதை எழுதுவதற்கு இரண்டு நாள் தயங்கினேன். ஆனாலும் எழுதியாக வேண்டும்.

எங்கள் அணித்தலைவனாக இருந்தவன் இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறான். இந்த இழையை யாரோ காட்டியிருக்கிறார்கள். வியாழக்கிழமை இரவு அழைத்தான். “என்னடா எழுதி வச்சிருக்க? நாங்க போனோம்டா. ஆடினோம். தோத்தோம். நீதான் வரல” என்றான்.

நான் மறுத்தேன். அவன் எதிரணியில் ஆடியவர்களின் பெயர்களைச் சொன்னான். கணக்கு ஆசிரியர் எங்கள் அணிக்குப் பொறுப்பாக வந்து பெஞ்சில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். இரண்டாம் பாதியில் அவனுக்கு ஐந்தாவது தவறு கொடுத்து வெளியே அனுப்பியதைச் சொன்னான். அதைச் சொன்னதும் எனக்குள்ளே ஏதோ திறந்துகொண்டது. அவன் வெளியே வந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். மைதானத்தில் இல்லாதவன் அதை எப்படிப் பார்த்திருக்க முடியும்?

நடந்தது இதுதான். இப்போது அவனும் நானும் சேர்ந்து கோத்தபடி சொல்லுகிறேன்.

அரையிறுதி சனிக்கிழமை முடிந்தது. இறுதிப் போட்டி மறுநாள் காலை என்று அறிவித்தார்கள். சார் எங்களை வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து, நாளைக்குத் தாம் வரப்போவதில்லை என்றும், அது தமக்கும் ஆண்டவருக்கும் உள்ள கணக்கு என்றும், ஆடுவதும் ஆடாததும் அவரவர் விருப்பம் என்றும், ஆடுகிறவர்களைக் கணக்கு சார் அழைத்துக்கொண்டு போவார் என்றும் சொன்னார். யாருடைய முகத்தையும் பார்க்காமல், விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். அணியில் நான்கு பேர் கிறிஸ்தவர்கள். அவர்களில் மூவர் போனார்கள். வேதக்காரப் பையன்களே போயிருக்கிறார்கள், நான் போகவில்லை! சார் வராத ஆட்டம் எதற்கு என்ற வீம்பு.

காலையில் வீட்டில் இருக்க முடியவில்லை. ஆற்றைத் தாண்டி அவர் ஆலயத்துக்கே போய் வராந்தாவில் நின்றேன். உள்ளே அவர்தான் பிரசங்கம். என்ன சொன்னார் என்பது ஒரு சொல்கூட நினைவில் இல்லை. நின்ற இடத்துக்குக் கேட்டதெல்லாம் மின்விசிறிச் சத்தந்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். “நீ போகலையா?” என்றார். நான் பேசவில்லை. “ஏறு” என்று சைக்கிளை எடுத்தார். பின்பக்கக் கேரியரில் என்னை வைத்துக்கொண்டு ஏ.வி. பாலத்தில் ஏறி, கோரிப்பாளையம், தல்லாகுளம் என்று மிதித்த மிதி இருக்கிறதே, வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போய் உள்ளே பனியன் தெரிந்தது. வேட்டிக் கரையில் சங்கிலி எண்ணெய்.

மைதானத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது கடைசி ஐந்து நிமிடம் இருந்திருக்கும். சார் கோட்டுக்குப் பக்கத்தில் வரவில்லை. வேலியை ஒட்டி, பார்வையாளர்களுக்கும் பின்னால் நின்றார். ஒரு குரல் கொடுக்கவில்லை. நான்கு ஆண்டுகளாகக் கோட்டோரத்தில் நின்று தொண்டை வறளக் கத்திய மனிதர், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அந்த ஐந்து நிமிடமும் நின்றார். மூன்று கூடை வித்தியாசத்தில் தோற்றோம்.

25 பிப்ரவரி 2024

ஆக, கேள்வி கேட்டவரின் அண்ணன் சொன்னதும் தவறு. நான் சொன்னது அதைவிடப் பெரிய தவறு. அண்ணனாவது கேள்விப்பட்டதைச் சொன்னார். நான் அங்கே இருந்தவன்.

நாற்பத்தைந்து ஆண்டுகளாக ‘நாங்கள் போகவில்லை’ என்றே என் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி வந்திருக்கிறேன். நான் போகவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் அணியில் உயரமானவன் நான். நான் இருந்திருந்தால் மூன்று கூடை பெரிய காரியமில்லை என்று அணித்தலைவன் அன்றே சொன்னானாம். அந்தச் சொல்லைத் தாங்க முடியாமல்தான் பழியைக் கொண்டுபோய் எல்லோர் மேலும், கடைசியில் அவருடைய பக்தியின் மேலும் ஏற்றி வைத்திருந்தேனோ என்று இரவெல்லாம் புரண்டு படுத்தேன். அவர் எனக்குக் கொடுத்ததையெல்லாம் நான் வாங்கிக்கொண்டு, அவருக்குக் கெட்ட பெயர் மட்டும் மிஞ்சும்படி விட்டிருக்கிறேன்.

கேள்வி கேட்ட நண்பரே, தங்கள் அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சாருடைய பெயர் கெட என்னைப் போன்றவர்கள் காரணமாக இருந்தோம்.

2 மார்ச் 2024

ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடலோடு சாரை ஒப்பிட்டு ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஒப்பீடு பொருந்துகிறது, ஆனால் அவர் சொன்ன கதையில் ஒரு திருத்தம். பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டி தொடங்குகிற நேரத்தில்தான் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பது தெரிந்து லிடல் மறுத்துவிட்டார் என்று பலர் சொல்லுவார்கள். அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரியும். அதனால்தான் 400 மீட்டருக்கு முறையாகப் பயிற்சி எடுக்க முடிந்தது. 1924 ஜூலை 11 அன்று 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். 200 மீட்டரில் வெண்கலம்.

எனக்கு அந்த ஓட்டத்தைவிடப் பின்னால் உள்ளதுதான் முக்கியம். மறு ஆண்டே சீனாவில் தியான்ஜின் நகரத்துக் கல்லூரிக்கு அறிவியலும் விளையாட்டும் கற்பிக்கப் போய்விட்டார். 1932-இல் போதகராக அபிஷேகம். பிறகு கிராம ஊழியம். 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கேயும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, உடைந்த மட்டைகளை ஒட்டிக் கட்டி விளையாட்டு நடத்தினார். 1945 பிப்ரவரி 21 அன்று மூளைக்கட்டியால் முகாமிலேயே இறந்தார். வயது நாற்பத்து மூன்று.

அந்த முகாமில் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டு இல்லை என்று முதலில் இருந்தது. பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் அது அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிடல் நடுவராக வந்து நின்றார். ஒலிம்பிக் பதக்கத்துக்காக ஞாயிற்றுக்கிழமை ஓடாதவர், சண்டை போடுகிற பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதினார். சார் இதை எங்களிடம் ஒருமுறை சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அந்த இறுதிப் போட்டிக்கு முன்பா பின்பா என்பதை எவ்வளவு முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. முந்தைய அனுபவத்துக்குப் பிறகு, முயன்று கொண்டுவருவதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை.

3 மார்ச் 2024

நேற்று எழுதியதோடு சேர்க்க மறந்தது: 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனவர் சென்னை கல்லூரியைத் தொடங்கிய அதே பக்.

10 மார்ச் 2024

“மதம் மாற்ற முயன்றாரா, அதையும் சொல்லுங்கள்” என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. கேட்பதில் தவறில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் அவர் ஜெபம் செய்வார். எங்களிடமிருந்து பத்தடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, அரை நிமிடம் நிற்பார். வா என்று ஒருவரையும் கூப்பிட்டதில்லை. எனக்கு வேதாகமம் தந்ததில்லை. நான் கேட்டபோது மட்டும் ஒன்று தந்தார், அது கல்லூரி முடிந்த பிறகு. இன்றைக்கும் என் வீட்டில் பூசை அறை இருக்கிறது, அந்தப் புத்தகமும் இருக்கிறது.

ஆனால் அவர் என்ன நம்பினார் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மேலூர்ப் பக்கம் ஓர் ஊருக்கு ஆட்டத்துக்குப் போயிருந்தோம். முடிந்ததும் தேநீர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களை ஒருமுறை பார்த்தார். உள்ளூர்ப் பையன் ஒருவன் அவர் காதில் ஏதோ சொன்னான். எங்களில் இரண்டு பேருக்குக் கூரைக்குக் கீழே செருகியிருந்த தனிக் குவளைகளை எடுத்தார். சார் சத்தம் போடவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து போய், மிச்சமிருந்த மூன்றாவது தனிக்குவளையைத் தம் கையாலேயே உருவிக் கழுவி, எனக்கு இதிலே ஊற்றுங்கள் என்று நீட்டினார். கடைக்காரர் கை நின்றுவிட்டது. வாத்தியார், வயதில் மூத்தவர், வெள்ளைச் சட்டை. ஊற்றுங்கள் என்று மறுபடியும் சொன்னார். ஊற்றவில்லை. நாங்கள் எல்லோரும் தேநீர் குடிக்காமலே பேருந்து ஏறினோம். அடுத்த பயணத்திலிருந்து மண்பானை ஒன்றும் ஒரே ஒரு அலுமினியக் குவளையும் எங்களோடு வந்தன. எல்லோருக்கும் அந்த ஒரு குவளைதான். கடைசியாகச் சார் குடிப்பார்.

16 மார்ச் 2024

குறையே இல்லாதவர் போல எழுதுகிறேன் என்று அக்காவே கடிந்துகொண்டார். சரி. அவர் கை நீளம். கோபம் வந்தால் விசில் கயிற்றை மடித்து முழங்காலுக்குக் கீழே வீசுவார். மூன்று நாள் பயிற்சிக்கு வராததற்காக எனக்கும் விழுந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல், தறியில் நான் உட்கார்ந்திருந்தேன், அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று இரவே செல்லூருக்கு வந்துவிட்டார். குழித்தறிக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்த அப்பாவிடம், “உங்க பையனைத் தெரியாம அடிச்சிட்டேன், மன்னிக்கணும்” என்றார். அப்பா பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் அடித்ததற்கு வாத்தியாரே வந்து மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. அதற்குப் பிறகும் கயிறு மற்றவர்கள்மேல் விழுந்ததுண்டு. முற்றாக விட்டது ஆயரான பிறகுதான் என்று நினைக்கிறேன். அடி வாங்கியவர்கள் இங்கே எழுதினால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

23 ஏப்ரல் 2024

இன்று அழகர் ஆற்றில் இறங்கினார். வெகுநாளாக இந்தப் பக்கம் வரவில்லை. கூட்டத்தில் நின்றபோது, சித்திரைத் திருவிழா நாள்களில் சார் பயிற்சியை நிறுத்திவிட்டு, வீட்டு வாசலில் நீர்மோர்ப் பானை வைத்தது நினைவுக்கு வந்தது. அந்த நினைவோடு அணித்தலைவனை அழைத்தேன். பேச்சுவாக்கில் அவன் சொன்னது இது; இதற்காகத்தான் எழுதுகிறேன்.

அன்று தோற்ற பிறகு, மைதானத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் எல்லோரும் பருத்திப்பால் குடித்தோம். அதுவும் எனக்கு நினைவில் இல்லை. அவன் சொல்லித்தான் சுக்கு வாசம் வருகிறது. குடித்து முடித்ததும் கணக்கு சார் பையில் கைவிட்டார். வண்டிக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். “அந்த விசில் சார் நேத்து சாயங்காலமே கொடுத்துட்டுப் போயிட்டாரு” என்றாராம். ஞாயிற்றுக்கிழமை காசு கைமாறக் கூடாது அல்லவா? சனிக்கிழமையே கொடுத்திருக்கிறார்.

எத்தனை பேருக்கு என்று கேட்டேன். பன்னிரண்டு குவளைக்கு என்றான். போகிறவர் யார், போகாதவர் யார் என்று வேப்ப மரத்தடியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பன்னிரண்டுக்குக் கொடுத்திருக்கிறார்.

11 ஜூலை 2024

லிடல் ஓடி இன்றோடு நூறு ஆண்டு. பாரிஸில் மறுபடியும் ஒலிம்பிக் வரப்போகிறது.

பழைய மாணவர்கள் சிலர் சென்ற மாதம் மைதானத்தில் கூடினோம். கேள்வி கேட்ட நண்பரும் தம் அண்ணனை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அவரிடம் நேரில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அக்கா வீட்டிலிருந்து மூங்கிலைக் கொடுத்து அனுப்பியிருந்தார். கிழக்கு வளையம் சரியாக இருந்தது. மேற்கு வளையம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. கொத்தனாரைக் கொண்டு கம்பத்தை உயர்த்தினோம். இப்போது பள்ளியில் படிக்கிற பையன்கள் சுற்றி நின்று, இரண்டு விரலில் என்ன ஆகிவிடும் என்று கேட்டார்கள். அணித்தலைவன் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

கோடு போட மாதம் ஒருமுறை கூடலாம் என்று பேச்சு வந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறுதான் வசதி என்று இரண்டு பேர் சொன்னார்கள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர்களே சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்று சொல்லிவிட்டார்கள். வருகிறவர்கள் கயிறும் முளையும் கொண்டுவர வேண்டாம், என்னிடம் இருக்கிறது. சுண்ணாம்புப் பொடி மட்டும் ஐந்து கிலோ யாராவது வாங்கி வாருங்கள். டப்பா நான் பிடிக்கிறேன்.